கண் இமைக்கும் சூலகத்துக்கும் ஒரே மரபணு

(காட்சி: கீழக்கரை தாண்டி ஏர்வாடி சாலை. சீமைக்கருவேல நெற்றை மென்றபடி வெள்ளாடுகள்.)

மந்தையில் கொம்பு முளைக்காத மொட்டை ஆடு ஒன்று நிற்கிறது, பாருங்கள். சானென் போன்ற ஐரோப்பியப் பால் ஆடுகளில் மொட்டைக் கிடாயோடு மொட்டைப் பெட்டையைச் சேர்க்கத் தயங்குவார்கள். பிறக்கும் பெட்டைக் குட்டிகளில் சில, கிடாய்ச் சாடையோடு வளரும், சினை பிடிக்காது. காரணம் 2001-இல் தெரிந்தது. டிஎன்ஏவில் ஏறத்தாழ 11,700 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதனால், சற்றுத் தள்ளியிருக்கும் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணு சூலகத்தில் விழிக்கவே இல்லை. (நம்மூர் மொட்டைக்கெல்லாம் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. அவசரப்பட்டுச் சந்தைக்கு ஓட்டிவிடாதீர்கள்!)

(காட்சி: டிஎன்ஏ இழைமேல் வந்து உட்காரும் புரதம்.)

ஃபாக்ஸ்எல்2 தரும் புரதம் ஒரு படியெடுப்புக் காரணி, அதாவது மற்ற மரபணுக்களை எழுப்பவோ அடக்கவோ செய்யும் புரதம். கரையில் நிற்கும் படகு முதலாளி, சம்மாட்டி மாதிரி. வலை இழுப்பதில்லை, எந்தப் படகு இறங்கணும், எது கிடக்கணும் என்று சொல்வதோடு சரி. கருமுட்டையைச் சுற்றியிருக்கும் கிரானுலோசா செல்களில் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும் அரோமட்டேஸ் மரபணுவை இது எழுப்புகிறது; விந்தகத்தை உருவாக்கும் சாக்ஸ்9-ஐ அடக்குகிறது.

கருவில் ஒருமுறை சூலகம் அமைந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2009-இல் வளர்ந்த பெண் எலிகளின் சூலகத்தில் இந்த மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். கிரானுலோசா செல்கள் விந்தகச் செல்களைப் போல மாறின. டெஸ்டோஸ்டிரோன் ஆண் எலி அளவுக்கு ஏறியது. அதாவது, சூலகம் சூலகமாகவே இருக்க இந்த மரபணு ஆயுசு முழுக்கக் காவல் இருக்கணும்.

(காட்சி: குறுகிய இமைகளின் வரைபடம்.)

மனிதரில் இது 3-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதும்: இமை தொங்கும், கண் திறப்பு குறுகும். இமை உருவாவதிலும் இதற்குப் பங்கு உண்டு. இந்த இமைக் குறைபாட்டில் இரண்டு வகை. முதல் வகையில் பெண்களுக்குச் சூலகமும் 40 வயதுக்கு முன்பே ஓய்ந்துவிடும். இரண்டாம் வகையில் இமையோடு நின்றுவிடும். முதல் வகை பெரும்பாலும் தகப்பன் வழியாகவே இறங்குகிறது. அவருக்குப் பிள்ளை பெறத் தடையில்லை அல்லவா? அதனால் வீட்டில் "அப்பா கண்ணு அப்படியே" என்று கொஞ்சிவிட்டு விட்டுவிடுவார்கள். அப்புறம் அந்த மகளுக்கு முப்பதுக்குள் மாதவிலக்கு நின்றால், இமையோடு அதை யார் சேர்த்துப் பார்ப்பார்?

இந்தக் குறைபாட்டுக்காக இமை அறுவைசிகிச்சை செய்துகொண்ட பெண்பிள்ளை வீட்டில் இருந்தால், மரபணுப் பரிசோதனை பற்றியும், கருமுட்டையை முன்கூட்டியே சேமிக்க வழியுண்டா என்றும் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். சூலகம் ஓய்ந்தபின் கேட்டால் எடுத்துச் சேமிக்க முட்டை இருப்பது அரிது.