மாற்குவுக்காக நின்ற பர்னபா

நேயர்களுக்கு அன்பின் வணக்கம். தேவ இரக்கம் என்றதும் நமக்குக் கெட்ட குமாரன் ஞாபகம் வரும், பேதுரு ஞாபகம் வரும். நான் இன்று மாற்குவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மாற்கு எருசலேமில் ஜெப வீட்டில் வளர்ந்த பிள்ளை. பேதுரு சிறையில் இருந்த இரவில் சபையார் கூடி ஜெபித்தது அவருடைய அம்மா மரியாள் வீட்டில்தான். ஆதிச்சபையின் ஊழியர்களான பவுலும் பர்னபாவும் முதல் ஊழியப் பயணம் புறப்பட்டபோது மாற்குவும் கூடப் போனார். சீப்புருத் தீவை, அதாவது இன்றைய சைப்ரஸைத் தாண்டி, பம்பிலியா நாட்டுப் பெர்கேக்கு வந்ததும் அவர்களை விட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்.

கி.பி. 50 வாக்கில் அடுத்த பயணம். மாற்குவையும் கூட்டிப் போவோம் என்கிறார் பர்னபா. பாதியில் விட்டுப்போனவர் வேண்டாம் என்கிறார் பவுல். பவுல் சொன்னதிலும் நியாயம் உண்டு. மாற்கு போன பிறகுதான் லீஸ்திராவில் பவுலைக் கல்லெறிந்து, செத்துவிட்டார் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அப்படிப்பட்ட பாதையில் கூட வருகிறவர் நம்பத்தக்கவராக இருக்க வேண்டாமா? கடுங்கோபம் மூண்டு இருவரும் பிரிந்தார்கள். அப்போஸ்தலர் 15-ம் அதிகாரம் இதை மறைக்காமல் சொல்கிறது. பவுல் சீலாவோடு போனார். பர்னபா மாற்குவோடு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார்.

இந்த இடத்தை அவசரமாகத் தாண்ட எனக்கு மனம் வராது. பவுலே ஒரு காலத்தில் சபையைத் துன்பப்படுத்தியவர். மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் அவரை நம்பவில்லை, பயந்து விலகினார்கள். அவரைக் கையோடு அழைத்துப்போய் அப்போஸ்தலரிடம் சேர்த்தது யார்? பர்னபா. பிறகு தர்சு வரை தேடிப்போய் அந்தியோகியாவுக்குக் கூட்டி வந்ததும் அதே பர்னபாதான். பவுலுக்காக நின்றவர்தான் மாற்குவுக்காகவும் நின்றார். இந்த முறை கூட்டாளியையே இழந்தார்.

இதைத்தான் நான் சபைகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தேவன் மன்னிக்கிறார் என்று பிரசங்கத்தில் கேட்டு ஆமென் சொல்கிறோம். சரி, பின்மாற்றத்தில், அதாவது விசுவாசத்தை விட்டு விலகிப் போய்த் திரும்பி வந்தவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அடுத்த ஞாயிறு வேதபாடம் வாசிக்க அவரைக் கூப்பிடலாமா என்றால், "கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம்" என்கிறோம். தேவன் மன்னித்தது அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் ஒருவர் போய் உட்கார வேண்டும். ஒரு பொறுப்பை நம்பிக் கொடுக்க வேண்டும்.

பவுலின் மனமும் மாறியது. ரோமாபுரிச் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, உடன்வேலையாளான தேமா என்னை விட்டுப் போய்விட்டான், மேலங்கியையும் தோற்சுருள்களையும் எடுத்து வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர் என்கிறார். நடுவில் இப்படி ஒரு வரி: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்."

பிலேமோன் என்பவரின் அடிமையான ஒநேசிமுவைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன்; நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். அவனுக்காகப் பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபம் மொத்தமே 25 வசனம்தான், இன்றைக்கே வாசித்துவிடலாம். ஒநேசிமு பட்ட கடனை என் கணக்கில் வைத்துக்கொள்ளும் என்று 18-ம் வசனத்தில் பவுல் எழுதுகிறார். அப்புறம் 24-ம் வசனத்தில், பவுலோடு சேர்ந்து வாழ்த்துச் சொல்கிற உடன்வேலையாட்களின் பெயர்களைப் பாருங்கள். முதல் பெயர் மாற்கு.