சௌகார்பேட்டை மளிகையில ஒரு வன்னிக்காய்

வணக்கம் நேயர்களே. நான் பழைய வண்ணாரப்பேட்டைல இருந்து வந்திருக்கேன், முப்பது வருஷமா எங்க வீட்டு அடுப்பு என் பொறுப்பு. இன்னிக்கு ஒரு மளிகைக் கடை பத்திதான் பேசப் போறேன். கடை பேர் சொல்லல, ஏன்னா சௌகார்பேட்டைல தங்கசாலைத் தெருவுல இருந்து பிரியற சந்துங்கள்ல அந்த மாதிரி கடை நிறைய இருக்கு, எதுல நுழைஞ்சாலும் நான் சொல்ற சரக்கு முக்கால்வாசி கிடைக்கும். வாசல்ல அப்பளக் கட்டு அடுக்கியிருக்கும், உள்ள போனா பெருங்காயமும் வெந்தயக் கீரையும் காஞ்ச மாங்காயும் கலந்து ஒரு வாசனை அடிக்கும், அதுதான் அடையாளம்.

கல்யாணம் ஆகி வந்த புதுசுல எங்க மாமியார்தான் என்னை அங்க கூட்டிட்டுப் போனாங்க. அப்ப கொத்தவால் சாவடி மார்க்கெட் இங்கதான் இருந்துச்சு, 1996லதான கோயம்பேட்டுக்குப் போச்சு. விடிகாலைல காய் வாங்கி மீன்பாடி வண்டியில ஏத்தி அனுப்பிட்டு, அத்தை நேரா இந்தப் பக்கம் நடப்பாங்க, பெருங்காயத்துக்காக மட்டும். வீட்டுக்குப் பக்கத்துலயே மளிகைக் கடை இருக்கே அத்தை, இவ்ளோ தூரம் எதுக்குன்னு கேட்டேன். "அங்க விக்கிறது மாவு, இங்க விக்கிறது காயம்"னு சொன்னாங்க. அன்னிக்கு எனக்குப் புரியல.

அதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா பெருங்காயம் இல்லாத வீடு தமிழ்நாட்டுல இல்ல. நம்ம டப்பால வாங்கறது கூட்டுப் பெருங்காயம். அதுல கோந்து, மைதாவோ அரிசி மாவோ கலந்துதான் இருக்கும், அட்டையைத் திருப்பிப் பாத்தீங்கன்னா அதுலயே போட்டிருக்கும், ஏமாத்து எதுவும் கிடையாது, சுத்தமான காயத்தை அப்படியே போட்டா காரம் தாங்காதுன்னுதான் கலக்கறாங்க. ஆனா எவ்ளோ கலக்கறாங்கங்கறதுலதான் வித்தியாசம். அசல் காயம் ஒரு செடியோட வேர்ப் பக்கத்தைக் கீறி விட்டா வடியற பால், அது காஞ்சு கட்டியாகுது, ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கம் இருந்து வருது. நம்ம நாடு இவ்ளோ காயம் திங்குது, ஆனா இங்க பயிர் பண்றதுக்குன்னு விஞ்ஞானிங்க முதல் நாத்து நட்டதே 2020 அக்டோபர்லதான், இமாசலப் பிரதேசத்துல லாகௌல் பள்ளத்தாக்குல. அதனால சேட்டு கடையில அசல் கட்டியைச் சின்னத் தராசுல கிராம் கணக்குல நிறுத்துத் தருவாங்க. ஒரு மிளகளவு கிள்ளித் தண்ணில போட்டா பால் மாதிரி வெள்ளையா கரையணும். எங்க அத்தை கடை வாசல்லயே டம்ளர் கேட்டு வாங்கிக் கரைச்சுப் பாப்பாங்க, அந்தப் பெரிய சேட்டும் முகம் சுளிக்காம தண்ணி குடுப்பாரு. இப்ப அவர் பையன் கடையைப் பாக்கறாரு, அவரும் குடுக்கறாரு. அஞ்சு கிராம் வாங்கினா எங்க வீட்டுக்கு ரெண்டு மாசம் வரும், ரசத்துல போட்டா தெருமுனை வரைக்கும் தெரியும்.

அந்தத் தம்பி இங்கயே பொறந்து வளந்தவர், வீட்ல மார்வாடி, கடையில நம்ம பாஷை. "இன்னாக்கா ரொம்ப நாளா ஆளே காணோம், குந்துக்கா, புது சாங்ரி வந்துக்குது"ம்பாரு. அந்த சாங்ரிதான் என்னைப் புரட்டிப் போட்ட சரக்கு.

ஒரு ஏழெட்டு வருஷம் முன்னாடி ஒரு சாக்குல பழுப்பு நிறத்துல காஞ்ச குச்சி மாதிரி என்னமோ இருந்துச்சு. முருங்கை ஈர்க்கு மாதிரி இருக்கே, என்னப்பா இதுன்னு கேட்டேன். சாங்ரி, கேஜ்ரி மரத்துக் காய், எங்க ஊர் பாலைவனத்துல காய்க்கும்னாரு. விலை கேட்டா ஆட்டுக்கறி விலைக்கு நிக்குது. ஐம்பது கிராம் மட்டும் வாங்கிட்டு வந்து வீட்ல பையன்கிட்ட கேஜ்ரி மரம் படம் காட்டுடான்னு சொன்னேன். ஃபோன்ல படம் வந்துச்சு, கீழ தமிழ்ப் பேரும் வந்துச்சு: வன்னி மரம். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரல. விநாயகருக்கு இலை பறிச்சுப் போடறோமே அந்த வன்னி, விஜயதசமிக்கு சாமி அம்பு போடற வன்னி, விருத்தாசலம் கோயில்ல தல விருட்சமா நிக்கற வன்னி. அந்தக் கோயில் கட்டின ஆளுங்களுக்குக் கூலியா வன்னி இலையைக் குடுத்தாங்களாம், அவங்கவங்க உழைச்ச அளவுக்குத் தங்கமா மாறுச்சாம், இந்தக் கதையை எங்க பாட்டி எத்தனை தடவை சொல்லியிருக்காங்க. அந்த மரத்தை நாம கும்புடறோம், அவங்க கும்பிட்டுக் காயையும் சாப்பிடறாங்க.

அடுத்த தடவை போனப்ப தம்பிகிட்ட சொன்னேன். அவருக்கும் ஆச்சரியம், அப்புறம் அவர் ஒரு விஷயம் சொன்னாரு. 1730ல ஜோத்பூர் பக்கத்துல கேஜட்லின்னு ஒரு கிராமம், ராஜா அரண்மனை வேலைக்கு கேஜ்ரி மரத்தை வெட்ட ஆள் அனுப்பினாராம். பிஷ்னோய் சனங்க மரத்தைக் கட்டிப் பிடிச்சுட்டு விடலயாம், முதல்ல அம்ரிதா தேவின்னு ஒரு அம்மா, அப்புறம் ஒவ்வொருத்தரா மொத்தம் 363 பேர் உயிரை விட்டாங்க. ராஜஸ்தானுக்கு மாநில மரமும் அதுதான். இதைக் கேட்ட பிறகு அந்தக் காயை ஊற வைக்கும்போது ஒரு குச்சிகூட சிந்த விடறதில்ல நான்.

செய்யறது கஷ்டம் இல்ல, பேனா இருந்தா எழுதிக்கோங்க. ராத்திரியே ஊறப் போடணும், காலைல நல்லா அலசி வேக வைக்கணும், மண் இருக்கும், ரெண்டு மூணு தண்ணி மாத்துங்க. அப்புறம் நல்லெண்ணெய்ல ஓமம், காஞ்ச மிளகாய், பெருங்காயம் தாளிச்சு, மஞ்சள், மல்லித்தூள், கடைசியா காஞ்ச மாங்காத்தூள், அதாங்க ஆம்சூர், போட்டுப் பிரட்டி இறக்கணும். அவங்க கடுகெண்ணெய் ஊத்துவாங்க, எங்க வீட்ல அந்த நெடி யாருக்கும் பிடிக்கல, அதான் நல்லெண்ணெய். நாலஞ்சு நாள் கெடாது. தயிர் சோத்துக்கு அதைத் தொட்டுக்கிட்டா கொத்தவரங்கா வத்தலுக்கும் புளிக்காய்ச்சலுக்கும் நடுவுல ஒரு ருசி.

சாங்ரி கூட கேர்னு மிளகை விடப் பெருசா ஒரு கசப்புக் காய் சேர்ப்பாங்க, அதை மோர்ல ஊற வைக்கணும், தண்ணில மட்டும் ஊறினா கசப்பு போகாது. இந்த ரெண்டோட இன்னும் மூணு சேத்து பஞ்ச்குட்டான்னு கலவையாவே விக்கறாங்க. அந்த மூணுல ஒண்ணு கூந்தா. சப்பையா காஞ்சு கெடக்கும். அது என்னன்னு பாத்தா நம்ம நறுவிலி, சின்ன வயசுல நாங்க மூக்குச்சளிப் பழம்னு சொல்லி மரத்துல பறிச்சுத் திம்போம், கொழகொழன்னு இருக்கும், அதேதான். இன்னொண்ணு கூமட்னு ஒரு விதை, அந்த மரத்துல வடியற கோந்தும் இதே கடையில தனி டப்பால இருக்கு, குளிர்காலத்துல நெய்யில பொரிச்சு லட்டு பிடிப்பாங்க.

ஐம்பது கிராம்னு சொன்னேன் பாருங்க, அதை நான் ஒரு சட்டமாவே வச்சிருக்கேன். தெரியாத சரக்கு எதுவா இருந்தாலும் முதல் தடவை ஐம்பது கிராம்தான். இது பட்ட பிறகு வந்த புத்தி. கச்ரின்னு ஒரு தூள், பாலைவனத்துல தானா படர்ற சின்ன வெள்ளரிக்காய், காய வச்சு அரைச்சது, நல்ல புளிப்பு. தெக்கத்தி ஆளுங்க மிதுக்கு வத்தல்னு வறுப்பாங்களே, அதே குடும்பம். அது கறியை மெதுவாக்கும்னு யாரோ சொன்னதைக் கேட்டு கால் கிலோ வாங்கிட்டு வந்து ஞாயித்துக்கிழமை ஒரு கிலோ மட்டன்ல கை நிறைய போட்டுப் பிசைஞ்சு மூணு மணி நேரம் வச்சுட்டேன், குக்கர் திறந்தா எலும்பு தனியா நிக்குது, கறி களி மாதிரி கரைஞ்சு போயிருக்கு, அன்னிக்கு வீட்டுக்கு என் நாத்தனார் குடும்பம் வேற வந்திருந்தாங்க, மனசு ரொம்பக் கஷ்டமாயிடுச்சு. ஒரு கிலோவுக்கு ஒண்ணரை ஸ்பூன், அரை மணி நேரம், அது போதும். கடையில கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களான்னா, அவங்க சைவம், கறி பத்தி எப்படிச் சொல்லுவாங்க. ஆனா காய்க்கு எவ்ளோ போடணும்னு கேட்டிருந்தாலே எனக்கு அளவு புரிஞ்சிருக்கும்.

அதனால இப்ப எனக்கு இன்னொரு பழக்கம். கடைக்காரர்கிட்ட சரக்கு கேப்பேன், பக்குவம் பக்கத்துல நின்னு வாங்கற அம்மாங்ககிட்ட கேப்பேன். அவர் விக்கிறவர், அந்தம்மா சமைக்கிறவங்க. எனக்கு இந்தி அரைகுறை, அவங்களுக்குத் தமிழ் அரைகுறை, கை ஜாடையிலயே எவ்ளோ தண்ணின்னு விரல் கணு வச்சுக் காட்டிடுவாங்க. மூங்கோடின்னு பாசிப்பருப்பு வடகம் இருக்கு, சுண்டைக்காய் அளவு. அதை எண்ணெய்ல சிவக்க வறுத்துட்டுத்தான் குழம்புல போடணும், இல்லைன்னா கரைஞ்சிடும்னு ஒரு வயசான அம்மா கடைப் படிக்கட்டுல உக்காந்து எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அப்பளத்தைச் சுட்டு உடைச்சுத் தயிர்க் குழம்புல போட்டுக் கறியா சாப்பிடறதும் அவங்க சொன்னதுதான். பிகானேர் அப்பளத்துல உளுந்தோட மோட்டுன்னு ஒரு பயறு மாவும் சேரும், நரிப்பயறும்போம் இல்ல, அது. அதான் அந்த மொறுமொறுப்பு, மிளகு வேற தூக்கலா இருக்கும்.

ஏன் இப்படி எல்லாமே காஞ்ச சரக்கா இருக்குன்னு யோசிச்சேன். ஊர் பாலைவனம், தண்ணி கிடையாது, பச்சைக் காய் வருஷம் பூரா கிடைக்காது, காய்க்கும்போது பறிச்சுக் காய வச்சுக்கணும். அது ஒண்ணு. இன்னொண்ணு, இந்தத் தெருக்கள்ல ஜெயின் குடும்பங்க ஜாஸ்தி. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு தொட மாட்டாங்க, பர்யுஷண் நோன்பு நாள்ல நிறைய பேர் பச்சைக் காய்கறியே சமைக்க மாட்டாங்க. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்குல அந்த நோன்பு வரும். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி கடையில புது சரக்கு இறங்கும், நான் அப்பதான் பெரிய பை எடுத்துட்டுப் போவேன். நோன்பு வாரத்துல போனா நிக்கவே இடம் இருக்காது, தீபாவளி சமயமும் அப்படித்தான். மத்தபடி செவ்வாய்க்கிழமை பதினோரு மணி, கடை திறந்து சாம்பிராணி போட்டு முடிச்சிருப்பாங்க, பேச நேரம் இருக்கும். முன்ன பஸ்ல போய் பூக்கடைல இறங்கி அந்த நெரிசல்ல நடக்கணும், இப்ப மெட்ரோ வந்ததுல இருந்து மண்ணடில இறங்கிடறேன், முட்டி வலிக்கறவங்களுக்கு இது பெரிய உதவி.

கசூரி மேத்தி பத்தி ஒரு வார்த்தை. காஞ்ச வெந்தயக் கீரைதான், பேர் மட்டும் கசூர்ங்கற ஊர் பேர், அது இப்ப பாகிஸ்தான்ல இருக்கு, நமக்கு வர்றது ராஜஸ்தான் நாகௌர் பக்கத்துச் சரக்கு. வேற ஒரு இடத்துல அழகா பாக்கெட் போட்டிருந்ததை நம்பி வாங்கினேன், பிரிச்சா பாதி காம்பு, மீதி வைக்கோல் வாசனை. அதுல இருந்து திறந்த சாக்குல கை விட்டு மோந்து பாக்காம வாங்கறதில்ல. பச்சை கலரா இருக்கணும், கசக்கினா விரல்ல வாசனை ஒட்டணும். அவ்ளோதான்.

தாமரை விதைன்னு பொரி மாதிரி மக்கானா விக்கறாங்களே, அது தாமரை விதை இல்லீங்க, பீகார் குளங்கள்ல வளர்ற முள் அல்லி மாதிரி வேற ஒரு செடியோட விதை. நல்ல பண்டம்தான், நெய்யில வறுத்து மிளகு உப்பு தூவினா என் பேத்தி ஒரு கிண்ணம் காலி பண்ணுவா. பேர் மட்டும் சரியாத் தெரிஞ்சுக்கோங்க. அப்புறம் ஜவ்வரிசி. அங்க விரதத்துக்கு சாபுதானா கிச்சடி செய்யறாங்க, மூட்டை மூட்டையா போகுது. ஒரு நாள் மூட்டை மேல எழுதியிருந்ததைப் படிச்சேன், சேலம். நம்ம மரவள்ளிக் கிழங்கு, கிழங்கே சாப்பிடாத நோன்பு வீடுகள்லகூட சில பேருக்கு அது விரதச் சாப்பாடு. தம்பிகிட்ட காட்டினேன், "ஆமாக்கா, எங்க தாத்தா காலத்துலேந்து சேலம் சரக்குதான்"னாரு.

போன மாசம் ஒண்ணு நடந்துச்சு. எங்க பக்கத்து வீட்டு அக்கா கோவில்பட்டிக்காரங்க, ஊர்ல இருந்து மிதுக்கு வத்தல் கொண்டாந்து எனக்கு ஒரு பிடி குடுத்தாங்க. அதை ஒரு தாள்ல மடிச்சு எடுத்துட்டுப் போய் அந்தப் படிக்கட்டு அம்மாகிட்ட குடுத்தேன். அவங்க ஒண்ணை எடுத்து மோந்தாங்க, பல்லுல கடிச்சாங்க, "கச்ரி"ன்னாங்க. கண்ணு கலங்கிடுச்சு அவங்களுக்கு. சின்னப் புள்ளைல அவங்க ஊர்ல காட்டுல பறிச்சதாம், பொடியா பாத்துப் பாத்து முழுசா பாத்து எவ்ளோ வருஷம் ஆச்சோன்னாங்க, தம்பிதான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாரு. எண்ணெய்ல வறுத்து மோர் சோத்துக்குத் தொட்டுக்கங்கன்னு நான் கை ஜாடையில காட்டினேன்.

பக்கத்து வீட்டு அக்கா திரும்ப ஊருக்குப் போயிருக்காங்க, வெள்ளிக்கிழமை வர்றாங்க. அரைக் கிலோ சொல்லி விட்டிருக்கேன். செவ்வாய்க்கிழமை எடுத்துட்டுப் போகணும்.

வணக்கம்.