வாசலருகே ஓர் அறை

நேயர்களுக்கு என் வணக்கம்.

புகழ்பெற்ற ஓர் இடத்தைப் பார்க்கப் புறப்படுகிறவர், அதன் வாசலை ஒட்டியிருக்கும் ஆடம்பர ஹோட்டலில் தங்குவதா, சற்றுத் தள்ளி ஊருக்குள் ஒரு சாதாரண அறையை எடுத்துக்கொண்டு வண்டி பிடித்து வருவதா என்று யோசிக்கும்போது, பெரும்பாலும் அறையின் அளவையும் மெத்தையையும் நீச்சல் குளத்தையும் ஒரு தட்டிலும், கட்டணத்தை மறு தட்டிலும் வைத்து எடைபோடுகிறார். என் கணக்கு வேறு. மெத்தையும் குளமும் எந்த ஊர் நட்சத்திர ஹோட்டலிலும் கிடைக்கும். வாசலருகே மட்டும் கிடைக்கக்கூடியது, கூட்டம் வந்து சேர்வதற்கு முந்திய ஒரு மணி நேரமும், அது கலைந்த பிறகு வரும் ஒரு மணி நேரமும்தான். கூடுதல் கட்டணம் அந்த நேரத்துக்கான விலை. அது உண்மையிலேயே கைக்கு வருகிறதா என்பதோ இடத்துக்கு இடம் மாறுகிறது.

நிச்சயமாக வருகிற இடத்துக்கு எடுத்துக்காட்டு, தென் அமெரிக்காவின் இகுவாசு அருவி. ஏறத்தாழ 275 அருவிகளாகப் பிரிந்து விழும் அந்த ஆறு, பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் எல்லையாக ஓடுகிறது. அருவிகளில் பெரும்பகுதி அர்ஜென்டினாவின் பக்கம் விழுவதால், எதிரே நின்று முழுக் காட்சியையும் காணும் வாய்ப்பு பிரேசில் பக்கத்துக்கு அமைந்துவிட்டது. அந்தப் பக்கத்துத் தேசியப் பூங்காவுக்குள் இருப்பது, 1958இல் திறக்கப்பட்ட ‘தாஸ் கதராத்தாஸ்’ என்ற ஒரே ஹோட்டல். மற்றவர்கள் வாயில் திறக்கும்வரை காத்திருந்து, பூங்காப் பேருந்தில் ஏறிக் காட்டுக்குள் பல கிலோமீட்டர் வந்தாக வேண்டும். ஹோட்டலில் தங்கியவரோ முன்வாசலைத் தாண்டிச் சாலையைக் கடந்தாலே அருவிப் பாதை தொடங்கிவிடுகிறது. வாயில் திறப்பதற்கு முன்பும், மூடிய பின்பும் அவர் அங்கே நடக்கலாம். நண்பகலில் ‘பிசாசின் தொண்டை’ எனப்படும் பள்ளத்தை நோக்கி நீளும் நடைமேடையில், மழைக்கோட்டு அணிந்தவர்கள் தோளோடு தோள் உரச, ஒரு புகைப்படத்துக்கு இடம் கிடைக்காமல் நிற்பார்கள். விடியற்காலையில் அதே நடைமேடையின் நனைந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். பின்னாலிருந்து தள்ள ஆள் இல்லை.

இப்படிப்பட்ட இடங்களில் ஹோட்டல் கட்ட எப்படி அனுமதி கிடைத்தது என்று சிலர் கேட்பதுண்டு. பல இடங்களில் ஹோட்டல்தான் முதலில் வந்தது. விதிமுறைகள் பிறகு வந்தன. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்புக்கு 1901இல் சாண்டா ஃபே ரயில் வந்தது. ரயிலில் பயணிகள் ஏற வேண்டுமானால், இறங்குகிற இடத்தில் அவர்களுக்கு ஒரு நல்ல தங்குமிடம் இருக்க வேண்டும். ஆகவே 1905இல், விளிம்பிலிருந்து சில அடிகள் தள்ளி, ‘எல் தோவார்’ ஹோட்டல் எழுந்தது. அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1919இல்தான். ஆப்பிரிக்காவின் விக்டோரியா அருவியிலும் இதே கதைதான். அங்கே 1904இல் ஹோட்டலும் 1905இல் ஆற்றைக் கடக்கும் ரயில் பாலமும் வந்தன. உலகின் புகழ்பெற்ற பல காட்சியிடங்களில் மிக நெருக்கமான மனையை ஒரு பழைய ஹோட்டல் பிடித்து வைத்திருப்பதற்கும், அதற்கடுத்த ஹோட்டல் வெகுதூரம் தள்ளி நிற்பதற்கும் காரணம் இதுதான்.

எல் தோவாரில் தங்குவோர் பலருக்கு ஓர் ஏமாற்றம் உண்டு. அங்குள்ள பெரும்பாலான அறைகளின் ஜன்னலில் பள்ளத்தாக்கு தெரியாது. நான் இதைப் பெரிய குறையாகக் கருதவில்லை. தெற்கு விளிம்பு இரவும் பகலும் திறந்தே இருப்பதால், கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் சூரிய உதயம் கண்ணெதிரே நிகழ்கிறது. ஜன்னலைக் காட்டிலும் விளிம்பு நல்ல இடம். விக்டோரியா அருவி ஹோட்டலின் தாழ்வாரத்திலிருந்தும் விழும் நீர் தெரிவதில்லை. பாலமும், அதற்கப்பால் மேலெழும் நீர்ப்புகையுமே தெரியும். அருவியை முழுமையாகக் காண நடந்துதான் போக வேண்டும். அங்கே முழுநிலா நாட்களையொட்டி இரவிலும் பூங்காவைத் திறந்துவைக்கிறார்கள். நீர்த்திவலையில் நிலவொளி பட்டு மங்கலாக ஒரு வானவில் தோன்றும். ஆனால் யானைகள் நடமாடும் ஊர் அது. இருட்டிய பின் நடந்து போகாமல் ஹோட்டல் வண்டியைக் கேட்டுப் பெறுவதே நல்லது.

நெருக்கம் ஏமாற்றும் இடங்களும் உண்டு. கீசாவில் பிரமிடுகளின் அடிவாரத்திலிருக்கும் மேனா ஹவுஸ், வேட்டை மாளிகையாகத் தொடங்கி ஹோட்டலாக மாறிய பழைய கட்டிடம். 1943இல் ரூஸ்வெல்ட், சர்ச்சில், சியாங் கை ஷேக் மூவரும் கூடிய கெய்ரோ மாநாட்டுக்கும் அதுவே களமாக இருந்தது. தோட்டத்தில் உட்கார்ந்தால் பெரிய பிரமிடு தலைக்கு மேல் நிற்பதுபோலவே தோன்றும். ஆயினும் உள்ளே போகும் நேரம் அரசு குறித்த நேரம்தான். ஹோட்டல் விருந்தினர் என்பதற்காகக் காவலர் முன்னதாக விடமாட்டார். போதாக்குறைக்கு, 2025இல் பார்வையாளர் நுழைவாயிலையே ஃபாயூம் சாலைப் பக்கம் மாற்றி, உள்ளே மின்சாரப் பேருந்துகளை ஓடவிட்டுவிட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாசலருகே இருந்த ஹோட்டல், ஒரே நாளில் வாசலிலிருந்து விலகிப்போயிற்று. காட்சி அங்கேயே இருக்கிறது. வாயில்தான் இடம் மாறியது. முன்பதிவு செய்கிறவர் வரைபடத்தில் நினைவுச்சின்னத்துக்கும் ஹோட்டலுக்கும் உள்ள தூரத்தை அளக்கிறார்; அளக்க வேண்டியது நுழைவாயிலுக்கும் ஹோட்டலுக்கும் உள்ள தூரத்தை.

பெருவின் மச்சு பிச்சுவில் வாயிலை ஒட்டி ஒரு சிறிய ஹோட்டல் இருக்கிறது. மற்றவர்கள் அடிவாரத்து ஊரிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் ஏறத்தாழ அரை மணி நேரம் பேருந்தில் வருகிறார்கள்; விடியும் முன்பே அந்தப் பேருந்துக்கு வரிசை நின்றிருக்கும். அந்த வரிசையில் நிற்காமல் தப்பலாம் என்பது உண்மை. ஆனால் நுழைவுச்சீட்டில் நேரமும் பாதையும் அச்சிடப்பட்டிருக்கும்; நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. அறை கிடைத்துச் சீட்டுக் கிடைக்காமல் போனால், வாசலருகே உட்கார்ந்து உள்ளே போகிறவர்களை வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஜன்னல் காட்சிக்கே பணம் கொடுப்பது எப்போது தகும் என்று கேட்டால், நான் ஆக்ராவைச் சொல்வேன். தாஜ்மகாலிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் தொலைவில் இருக்கும் அமர்விலாஸ் ஹோட்டலின் எல்லா அறைகளும் தாஜை நோக்கியே அமைந்துள்ளன. புகை கக்கும் வண்டிகளைத் தாஜின் அருகே விடுவதில்லை என்பதால், பேட்டரி வண்டியில் விருந்தினரைக் கிழக்கு வாயில்வரை கொண்டுபோய் விடுகிறார்கள். இவையெல்லாம் வசதிகள், உண்மையான பயன் குளிர்காலத்தில் தெரியும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் யமுனைக் கரையை மூடும் மூடுபனியில், விடியும் முன் வரிசையில் நின்று உள்ளே போனவர்கள் நீரோடையின் ஓரமாக நின்றபடி வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வாங்கிய சீட்டோ மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். அறையில் இருப்பவர் திரைச்சீலையை விலக்கிப் பார்க்கிறார், ஒன்றும் இல்லை. இன்னொரு கோப்பை தேநீருக்குச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்க்கிறார். சாம்பல் நிறத்துக்குள் சற்றே வெளுத்த ஒரு வளைவு, பிறகு அதன் உச்சியில் கலசம், அதன் பிறகு ஒரு பக்கத்து மினார் என்று ஒவ்வொன்றாகத் துலங்கும்போது, செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுகிறார். எப்போது போகலாம் என்று அந்த ஜன்னல் சொல்லிவிடுகிறது.

நிலாக் காலத்திலும் அப்படியே. முழுநிலா நாளும் அதற்கு முந்திய இரண்டு, பிந்திய இரண்டு நாட்களும் தாஜை இரவில் காட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமையும் ரமலான் மாதமும் மட்டும் விலக்கு. ஐம்பது ஐம்பது பேராக, அரை மணி நேரம் என்று கணக்கு. அறையிலிருந்து பார்ப்பவருக்கு அந்த அரை மணிக் கணக்கு கிடையாது. சொல்ல மறக்கக் கூடாத ஒன்று, வெள்ளிக்கிழமைகளில் தாஜ் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியிருக்கும். வியாழன் மாலை வந்து சனி காலை கிளம்பும்படி ஆக்ராவில் தங்குகிறவர், இரண்டு இரவுக்குப் பணம் கட்டியும் உள்ளே கால் வைக்காமல் திரும்பக்கூடும்.

காட்சி என்ற பெயரில் விற்கப்படுவதையெல்லாம் நம்பிவிட வேண்டாம். ஒரு முறை எனக்குக் கொடுக்கப்பட்ட ‘காட்சி அறை’யில், பால்கனியின் இடது மூலைக்குப் போய்க் கைப்பிடிக்கு மேல் சாய்ந்தால், பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கும் ஏசி இயந்திரங்களுக்கும் நடுவே கோபுரத்தின் மேல்பாதி தெரிந்தது. வரவேற்பு மேசையில் கேட்டபோது, “தெரிகிறதல்லவா, ஐயா?” என்றார்கள். தெரிந்தது, மறுக்க முடியவில்லை. பகுதிக் காட்சி, பக்கவாட்டுக் காட்சி என்றெல்லாம் எழுதியிருந்தால், எந்தத் தளம், எந்தத் திசை, இடையில் மரமோ கட்டிடமோ உண்டா, நினைவுச்சின்னத்தில் பழுதுபார்ப்புக்காகச் சாரம் கட்டியிருக்கிறார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்வது நல்லது. அந்த அறையின் ஜன்னலிலிருந்தே எடுத்த படம் ஒன்றைக் கேட்கலாம். அனுப்பத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்தது கடிகாரம். பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு அறை தருவார்கள். மறுநாள் 11 அல்லது 12 மணிக்குத் திருப்பிக் கேட்பார்கள். ஓர் இரவுக்கான பணத்தில் ஒரு மாலையும் ஒரு காலையுமே இருக்கின்றன என்பது இதன் பொருள். இரவு 9 மணிக்கு வந்து இறங்கி, காலை உணவு முடித்துக் கிளம்புகிறவர் அந்த இரண்டையும் இழந்து, வெறும் மெத்தைக்குப் பணம் கட்டுகிறார். அதைவிடக் காலையிலேயே வந்து, பெட்டிகளை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு, அறை தயாராகும்வரை தோட்டத்தில் இருப்பது மேல். இதற்குப் பெரும்பாலான ஹோட்டல்கள் மறுப்புச் சொல்வதில்லை. காலை உணவிலும் ஒரு சிக்கல் உண்டு. விதவிதமான பதார்த்தங்களை அடுக்கிய உணவுக்கூடம் 7 மணிக்குத் திறக்கும்; வெளியே வாயிலோ 6 மணிக்கே திறந்துவிடும். கட்டணத்தில் அடங்கியதாயிற்றே என்று உணவுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டால், முதல் பேருந்துக் கூட்டத்தோடுதான் உள்ளே போவோம். முந்திய இரவே சொல்லி வைத்தால் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். ஆடம்பரத்தைப் பகலுக்கு ஒத்திப்போடலாம். 11 மணிக்கு வெயிலும் கூட்டமும் ஒருசேர ஏறும்போது, அறைக்குத் திரும்பிக் குளித்து, கனத்த திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கிவிட்டு, 4 மணிக்கு மறுபடி போகலாம். நல்ல மெத்தைக்கு நான் மதிப்புத் தருவது அந்த நண்பகல் நேரத்தில்தான்.

ஹோட்டலே காட்சியாக இருக்கும் இடங்கள் தனி ரகம். உதய்ப்பூரில் பிச்சோலா ஏரியின் நடுவே மகாராணா இரண்டாம் ஜகத் சிங் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய மாளிகை, 1963இல் ஹோட்டலாயிற்று. விருந்தினர் படகில்தான் போக வேண்டும். ஆனால் ஏரியில் மிதப்பதுபோல் தோன்றும் வெண்மாளிகை என்று உலகம் அறிந்த காட்சி, அதற்குள் தங்கியிருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அதைக் காண அவர் கரைக்கு வந்தாக வேண்டும். கரையில் அறை எடுத்தவர் அதை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கரைதான் பிடிக்கும். அரண்மனைக்குள் உறங்க ஆசைப்படுகிறவரோடு எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை.

ஆகவே முன்பதிவைத் தொடங்கும்போது ஹோட்டலின் இணையதளத்துக்கு முதலில் போகாமல், பார்க்கப்போகும் இடத்தின் அதிகாரப்பூர்வ அறிவிப்பைத் திறந்து, வாயில் எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கிறது, எந்தக் கிழமை விடுமுறை, சீட்டு எத்தனை மணி நேரம் செல்லும் என்று குறித்துக்கொள்ளுங்கள். சீட்டை வாங்கிய பிறகு, அந்தத் தேதிக்கு அறையைத் தேடுங்கள். விருந்தினருக்கு முன்னதாகவே நுழைய வழியுண்டா என்று ஹோட்டலைக் கேளுங்கள். உண்டு என்றால் வாசலருகே இரண்டு இரவுகள் தங்குங்கள். முதல் நாள் மழையோ மூடுபனியோ கெடுத்தாலும் இரண்டாவது காலை ஒன்று கையில் இருக்கும். இல்லை என்றால், ஊருக்குள் ஒரு சுத்தமான அறையும், விடியற்காலை 5 மணிக்கு வருவதாக ஒப்புக்கொண்ட ஒரு வாடகைக் கார் ஓட்டுநரும் போதும்.

நன்றி. வணக்கம்.