ஆட்டக்காரனுக்குப் பணம் வந்தது, பாதுகாப்பு வரவில்லை

தமிழ்ச் சங்கத் தலைவர் அவர்களே, என்னை அன்போடு அறிமுகம் செய்த செயலாளர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, இந்த ஊர்ப் பல்கலைக்கழகங்களில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்டு ஒலிபெருக்கி கட்டிய தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம். எலும்பு மருத்துவத்தில் பழுத்த அனுபவம் உள்ள ஐயா அவையில் இருக்கும்போது முழங்கால் காயத்தைப் பற்றி நான் பேசப் போகிறேன். அதற்கு முதலில் அவரிடம் அனுமதி கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்கன் ஃபுட்பாலில், பணம், இடமாற்றம், பெண்கள் விளையாட்டு என்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்.

பல பத்தாண்டுகளாக இங்கே கல்லூரி ஆட்டக்காரனுக்குக் கிடைத்தது படிப்புச் செலவும் தங்குமிடமும் சாப்பாடும்தான். சனிக்கிழமை தோறும் லட்சம் பேர் மைதானத்தில் கூடுவார்கள், தொலைக்காட்சிக்காரர்கள் கோடிகளைக் கொட்டுவார்கள், பயிற்சியாளர் லட்சங்களில் சம்பளம் வாங்குவார். ஆடுகிற பையன் தன் கையெழுத்தைக்கூட விற்கக் கூடாது. இந்தக் கட்டு 2021இல் தளர்ந்தது. ஜூன் மாதம், ஆட்டக்காரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஜூலை முதல் தேதியிலிருந்து தன் பெயரையும் முகத்தையும் வைத்து ஆட்டக்காரன் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில், ஆட்டக்காரர்கள் பங்கு கேட்டுத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்தார். பழைய ஆட்டக்காரர்களுக்குப் பத்தாண்டுகளில் சுமார் 280 கோடி டாலர். முதல் ஆண்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பங்கு தரலாம்.

இனி இடமாற்றம். முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும். 2018இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் இணையப் பட்டியல் அது. 2021இல் ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம் என்றார்கள். 2024இல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது. விசுவாசம் போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். அலபாமா பல்கலைக்கழக அணியின் சின்னம் ஆனைதான். தேசிய வாகைப் பட்டங்களை அடுக்கி வைத்திருக்கும் அணி. நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் படிப்பில் பேர்போனது, கால்பந்தில் அடிவாங்கியே பழகியது. அங்கே வந்தான் டியேகோ பவியா என்று ஒரு பையன். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் இவனைச் சீந்தவில்லை. நியூ மெக்சிகோவில் ஒரு ஈராண்டுக் கல்லூரியில் சேர்ந்து அதற்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தான். அடுத்து நியூ மெக்சிகோ ஸ்டேட். அந்த அணியோடு போய், 2023இல் ஆபர்ன் என்ற பெரிய அணியை அதன் சொந்த மைதானத்திலேயே சாய்த்தான். பிறகு மாறுதல் வாங்கிக்கொண்டு வாண்டர்பில்ட். 2024 அக்டோபர் 5ஆம் தேதி, நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த அலபாமா நாஷ்விலுக்கு வருகிறது. வாண்டர்பில்ட் அலபாமாவைக் கடைசியாக வென்றது 1984இல். முதல் ஐந்து இடத்தில் உள்ள எந்த அணியையும் அதன் வரலாற்றில் வென்றதே கிடையாது. அன்று நாற்பதுக்கு முப்பத்தைந்து என்று வென்றுவிட்டார்கள்! மாணவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். கோல் கம்பத்தைப் பிடுங்கினார்கள், தோளில் ஏற்றினார்கள், மைதானத்தை விட்டு வெளியே வந்தார்கள், பாட்டுக் கடைகள் நிறைந்த பிராட்வே தெரு வழியாகத் தேர் இழுப்பது போல ஊர்வலம் போனார்கள், கடைசியில் கம்பர்லாந்து ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பூனைக்குக் காலம் வந்த நாள் அது. பழைய விதி இருந்திருந்தால் பவியா அந்த ஆண்டு முழுவதும் ஓரமாக உட்கார்ந்திருப்பான்.

ஆட்டக்காரன் மாறினால் விசுவாசம் இல்லை என்கிறோமே, பயிற்சியாளர்களை யார் கட்டிப்போட்டார்கள்? 2023இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து அனுப்பியபோது, அவருக்குச் சேர வேண்டியிருந்தது ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். அதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் இருந்தது, பணம் வந்தது. ஆட்டக்காரனுக்கும் அப்படி ஒரு ஒப்பந்தம் வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

ஏனென்றால் ஊழியன் என்ற தகுதி இன்றுவரை அவனுக்குக் கிடைக்கவில்லை. 1955இல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற கல்லூரி ஆட்டக்காரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். மனைவி இழப்பீடு கேட்டார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்று சொல்லி 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1974இல், அதே அலபாமாவுக்கு எதிராக ஆடும்போது, டெக்சஸ் கிறிஸ்டியன் அணியின் கென்ட் வால்ட்ரெப் கழுத்து முறிந்து முடமானார். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2000இல், அவர் ஊழியர் அல்லர் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனைகளின் காலம் எவ்வளவு நீளம் பாருங்கள்.

இன்று நிலை மாறவில்லையா என்பீர்கள். 2024 ஆகஸ்டிலிருந்து என்.சி.ஏ.ஏ. ஒரு காப்பீடு தருகிறது. ஆட்டக் காலம் முடிந்தபின் ஈராண்டு வரை, ஒரு காயத்துக்கு 90,000 டாலர் வரை. வரவேற்கிறேன். ஆனால் இருபத்தொரு வயதில் கிழிந்த முழங்கால் தசைநார் நாற்பத்தைந்து வயதில் மூட்டு தேய்ந்து வலிக்கும் என்று நம் மருத்துவர் ஐயா சொல்வார். அப்போது யார் கொடுப்பார்கள்? ஊழியர் என்றால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, சங்கம் வைக்கலாம், பேரம் பேசலாம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டக்காரர்கள் 2014இல் அதற்கு முயன்றார்கள். அடுத்த ஆண்டே தொழிலாளர் உறவு வாரியம் தலையிட மறுத்தது.

பெண்கள் விளையாட்டைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அது தனிக்கூட்டத்துக்கு உரிய பொருள். இன்றைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் ஸ்கோர் மசோதா என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கல்லூரி ஆட்டக்காரர்களை ஊழியராகக் கருதக் கூடாது என்ற பிரிவு அதில் இருக்கிறது. அந்தப் பிரிவை எதிர்த்து நம் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். குடியுரிமை பெற்றவர்கள், பெறாதவர்கள் எல்லோரும் கையெழுத்திடலாம், இந்த ஊரில் வசித்தால் போதும். காபி குடிக்கப் போகும் முன் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.