ரோஸ்காவுக்குள்ள இருந்த பொம்மை

வணக்கம். மெக்சிகோவுல வெராக்ரூஸ்னு ஒரு துறைமுக ஊரு, மெக்சிகோ வளைகுடா ஓரமா இருக்கு. அங்க நான் வேலை பார்த்தப்ப ஒரு ஜனவரி 6ஆம் தேதி, ஆபீஸ் மேசை மேல வளையம் மாதிரி பெரிய இனிப்பு ரொட்டி ஒண்ணு வச்சு, ஆளுக்கு ஒரு துண்டு வெட்டிக்கங்கன்னாங்க. நான் வெட்டுறப்ப கத்தி எதுலயோ தட்டுச்சு, எடுத்துப் பார்த்தா சுண்டுவிரல் அளவுக்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழந்தை பொம்மை. எல்லாரும் கை தட்டுனாங்க. பக்கத்துல இருந்தவர் தோள்ல தட்டி, "பிப்ரவரி 2ஆம் தேதி தமாலெஸ் உங்க செலவு"ன்னார்.

அந்த ரொட்டி பேரு ரோஸ்கா தே ரேயெஸ், குழந்தை இயேசுவ பார்க்க வந்த மூணு ராஜாக்கள் நாளுக்காக செய்றது. பொம்மை தான் குழந்தை இயேசு, அது யாரு துண்டுல வருதோ அவங்க அந்தக் குழந்தைக்கு ஞானத் தகப்பன் மாதிரி, கண்டெலாரியா நாள் அன்னைக்கு, அதாவது கிறிஸ்துமஸ்ல இருந்து நாப்பதாவது நாள், எல்லாருக்கும் சாப்பாடு போடணும். இந்த வழக்கம் மெக்சிகோ முழுக்க இருக்கு, ஆனா அந்தக் கடலோரத்துல இருந்து பார்த்தப்ப தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது, அங்க ஒரு திருவிழா முடியிறப்பவே அடுத்த திருவிழாவுக்கு ஒரு கடனை வச்சுட்டுப் போகுது. இன்னைக்கு உங்ககிட்ட சொல்ல வந்ததே அதைத்தான்.

டிசம்பர்லயே ஆரம்பிச்சிரும். 16ஆம் தேதில இருந்து பசங்க ஒரு மரக்கிளைய வெட்டி பலூன், கலர் பேப்பர், காகித விளக்கு எல்லாம் கட்டி வீடு வீடா தூக்கிட்டு வந்து பாடுவாங்க, லா ராமான்னு பேரு, ராமான்னா கிளை தான். காசு குடுத்தா நன்றி சொல்லி ஒரு அடி பாடுவாங்க, குடுக்கலன்னா கிளை ரொம்ப வருத்தத்தோட போகுதுன்னு வேற அடி இருக்கு, தெருவே கேக்குற மாதிரி பாடிட்டுப் போவாங்க. டிசம்பர் 31 ராத்திரி கிழவன் வேஷம், வயசாகிப் போற பழைய வருஷம் தான் அந்தக் கிழவன், தாடி வச்சு, தடி ஊனி, தெருத்தெருவா ஆடி காசு கேப்பாங்க. அது முடிஞ்சு ஆறே நாள்ல ரோஸ்கா, ரோஸ்கால இருந்து தமாலெஸ்.

தமாலெஸ்னா சோள மாவுல பன்றிக் கொழுப்பு சேத்துப் பிசைஞ்சு, நடுவுல கறி வச்சு, ஆவில வேக வைக்கிறது. மெக்சிகோ சிட்டி பக்கம் சோளத் தோகைல சுத்துவாங்க, வெராக்ரூஸ்ல பெரும்பாலும் வாழை இலை தான், உள்ள அகுயோன்னு ஒரு இலையும் போடுவாங்க, சோம்பு மாதிரி ஒரு வாசம் அதுக்கு. நான் குடியிருந்த வீட்டு அம்மா தான் எனக்காக முதல் நாள் மத்தியானமே உக்காந்து இலைய நெருப்புல வாட்ட ஆரம்பிச்சாங்க, வாட்டலன்னா மடிக்கிறப்ப கிழிஞ்சிரும்னு சொல்லிக் குடுத்தாங்க, ராத்திரி பத்து மணிக்கு வீடு பூரா ஆவி, நான் சுத்தின பொட்டலத்த எல்லாம் பொறுமையா பிரிச்சு திரும்பக் கட்டுனாங்க. அந்த அம்மாவுக்கு நான் பட்டிருக்கிற கடன் பொம்மைக் கடனை விடப் பெருசு.

கண்டெலாரியாவ பெருசா கொண்டாடுற ஊரு த்லாகோதால்பன். வெராக்ரூஸ்ல இருந்து தெக்கால, பாபலோவாபன் ஆத்தங்கரைல இருக்கு, அந்தப் பேருக்கு நாவாட்ல் மொழில வண்ணத்துப்பூச்சி ஆறுன்னு அர்த்தம். வளைவு வளைவா தூண் வச்ச தாழ்வாரம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கலரு, யுனெஸ்கோ 1998ல உலகப் பாரம்பரிய ஊரா சேத்துது. ஜனவரி 31 குதிரை ஊர்வலம். மறுநாள் காளைகள ஆத்துல நீந்த வச்சு கொண்டு வந்து தெருவுல விடுறது வழக்கம், இத விலங்கு நல ஆட்கள் பல வருஷமா எதிர்க்கிறாங்க, எனக்கும் அது மனசுக்கு ஒப்பல, தெருவுல மிரண்டு நிக்கிற மாட்டைப் பார்த்துட்டு கொண்டாட முடியாது. பிப்ரவரி 2 தான் மாதா நாள். மாதாவ படகுல ஏத்தி ஆத்துல கூட்டிட்டுப் போவாங்க, பின்னாடியே சின்னதும் பெருசுமா படகுகள். 2010ல இதே ஆறு தான் கரை புரண்டு ஊருக்குள்ள வந்து வீட்டையெல்லாம் முக்குச்சு, அத நினைச்சுட்டுப் பார்த்தா கரைல நிக்கிற பாட்டிங்க ஏன் அப்படி விடாம கை கூப்பி நிக்கிறாங்கன்னு புரியும்.

ராத்திரிக்கு ஃபந்தாங்கோ. மரப்பலகைல தாழ்வா ஒரு மேடை, தரிமான்னு சொல்வாங்க, அதைச் சுத்தி ஹரானா வாசிக்கிறவங்க நிப்பாங்க, ஹரானா சின்ன கிட்டார் மாதிரி, எட்டு கம்பி. மேல ஏறி ஆடுறவங்க காலால தட்டுறதே தான் மேளம். ஸ்பெயின்காரங்க கொண்டு வந்த கம்பி வாத்தியம், அடிமையா கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்க மக்களோட தாளம், அந்த மண்ணோட ஆதி மக்கள், மூணும் கலந்து வந்தது சோன் ஹரோச்சோ, உலகம் பூரா தெரிஞ்ச லா பாம்பா இந்தப் பாட்டு வகை தான். மேடைக்கு டிக்கெட் கிடையாது, வயசு வித்தியாசம் கிடையாது, ஒரு பாட்டி இறங்குறப்ப பேத்தி ஏறுவா, பாட்டு நிக்காது, விடியிற வரைக்கும் போகும், வடக்குல இருந்து நோர்தேன்னு குளிர் காத்து அடிச்சாலும் ஸ்வெட்டர் போட்டுட்டு ஆடுவாங்க.

அப்புறம் வெராக்ரூஸ்ல கார்னிவல். ஊரோட கெட்ட மனநிலைய ஒரு பொம்மையா செஞ்சு எரிச்சு ஆரம்பிப்பாங்க, கடைசில ஹுவான் கார்னவால்னு ஒரு ஆளை அழுது அழுது புதைப்பாங்க, அதோட தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம், ஆரம்பிச்சிரும். 2022ல அந்த கார்னிவல கோடைக்கு மாத்தி வச்சாங்க, டூரிஸ்டுக்கு வசதியா இருந்திருக்கலாம், ஆனா தவக்காலம் முன்னாடி நிக்காம கார்னவாலை எதுக்குப் புதைக்கிறதுன்னு எனக்குத் தோணுச்சு, கடன் குடுத்தவரே இல்லாம வட்டி கட்டுற மாதிரி.

ரேடியோவுல உக்காந்து பேசுறதால இதையும் சொல்லணும். 1970கள் கடைசில த்லாகோதால்பன்ல ஹரானா கலைஞர்கள் சந்திப்புன்னு ஒண்ணு ஆரம்பிச்சப்ப, ரேடியோ எதுகாசியோன்ங்கிற அரசு வானொலி அதுக்குத் துணையா நின்னு ஒலிபரப்புச்சு, கிராமத்துலயே இருந்த வயசான கலைஞர்கள் குரல் ஊரைத் தாண்டிக் கேட்டுச்சு, இளசுங்க அவங்களத் தேடிப் போய்க் கத்துக்கிட்டாங்க.

நிலையத்துல இப்ப ஒரு ரெண்டு நிமிஷம் ஃபந்தாங்கோ ஒலிப்பதிவு போடுறேன்னு சொல்லியிருக்காங்க. முதல்ல கம்பி சத்தம் வரும், கொஞ்ச நேரம் கழிச்சு அடியில தடதடன்னு ஒண்ணு சேரும், மேளம்னு நினைச்சுராதீங்க, அது பலகை மேல ரெண்டு பொண்ணுங்க கால்.