பெயர் சொல்லாத கூட்டத்தில் பாதுகாப்பு

நேயர்களுக்கு வணக்கம். அறிமுகத்தில் என் பெயர் சொல்லப்படாததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அது நானே கேட்டுக்கொண்டது. குடியை நிறுத்த முயன்ற இருவரால் 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கப்பட்டு, குடியை விட விரும்புவோர் கூட்டங்களில் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்புக்குப் பன்னிரண்டு மரபுகள் உண்டு. பத்திரிகையிலும் வானொலியிலும் திரைப்படத்திலும் உறுப்பினர் தம் பெயரை வெளியிடக் கூடாது என்று அவற்றுள் பதினொன்றாவது மரபு கூறுகிறது. குடிக்காமல் பதினான்கு ஆண்டுகளைக் கடந்திருக்கும் நான் அந்த மரபின்படியே உங்களோடு பேசுகிறேன்.

நம் திருநெல்வேலிச் சீமையில் இந்த மரபு எவ்வளவு தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டைக் கூட்டத்தில் ஒருவர் அழுத செய்தி அம்பாசமுத்திரத்துச் சம்பந்தி வீட்டுக்கு மறுநாளே எட்டிவிட்டால், அவர் மகளின் கல்யாணப் பேச்சு நின்றுபோகலாம். புதிதாக வந்தவரிடம் "நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று அன்பாகக் கேட்பவர்கூட உண்மையில் எதைக் கேட்கிறார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் குழுவில் அந்தக் கேள்வியைக் கேட்க விடுவதில்லை.

ஆனால், பெயரைக் காக்கும் அதே ஏற்பாட்டை ஒருவர் தம் தவற்றை மறைக்கவும் பயன்படுத்திக்கொள்ள முடியும். சில ஆண்டுகளுக்கு முன், நான் போய்வந்த ஒரு குழுவில், பல ஆண்டுகள் குடிக்காமல் இருந்து எல்லோராலும் மதிக்கப்பட்ட மூத்த உறுப்பினர் ஒருவர், புதிதாக வந்த ஒரு பெண்ணின் கைப்பேசிக்கு இரவு நேரங்களில் பேசத் தொடங்கினார். அந்தப் பெண் என்னிடமும் வேறு இருவரிடமும் அதைச் சொன்னார். "அண்ணாச்சி, நம்ம குழுவுக்குள்ளயே பேசி முடிச்சிருவோம், வெளிய தெரிஞ்சா குழு பேரு கெட்டுப்போகும்" என்றார் ஒருவர். நானும் தலையாட்டினேன். யாரும் பேசவுமில்லை, முடிக்கவுமில்லை. நான்காவது வாரத்துக்குப் பிறகு அந்தப் பெண் வரவில்லை. அன்று நான் தலையாட்டியதை நினைக்காமல் இன்றும் ஒரு கூட்டத்தில் போய் உட்கார என்னால் முடிவதில்லை.

குடியை நிறுத்திய முதல் சில வாரங்களில் உறக்கம் கெட்டு, கை நடுங்கி, வீட்டாரின் நம்பிக்கையையும் இழந்து நிற்பவருக்கு, முதலில் கை நீட்டுகிறவர் தெய்வமாகவே தெரிவார். ஸ்பான்சராக, அதாவது புதியவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினராக, இருப்பவரிடம் அவர் தம் வாழ்க்கையின் எல்லா இரகசியங்களையும் ஒப்படைக்கிறார். அந்த இடத்தில் இருந்துகொண்டு கடன் கேட்பதும், நெருக்கம் தேடுவதும், "மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை விட்டுவிடு, கூட்டமே போதும்" என்று சொல்வதும் தீங்குதான். பெண்ணுக்குப் பெண்ணே ஸ்பான்சராக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மருந்தைப் பற்றிச் சொல்ல மருத்துவரைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதன்பின் சித்தப்பிரமையும் வரக்கூடும். உயிருக்கே ஆபத்தான அந்த நிலையில் அவர் இருக்க வேண்டிய இடம் மருத்துவமனை. அதற்கு 108 இருக்கிறது.

குடியை விடும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குப் போதும் என்னும் மூன்றாவது மரபைக் காட்டி, யாரையும் வராதே என்று சொல்லக் கூடாது என வாதிடுவோர் உண்டு. குழுவின் பொது நலனே முதலில் என்று சொல்லும் முதல் மரபையும் அவர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். நான்காவது மரபின்படி ஒவ்வொரு குழுவும் தன்னாட்சி உடையது என்பதால், தலைமை நிலையத்திலிருந்து யாரும் வந்து தீர்த்துவைக்கப் போவதில்லை. ஆகவே, எதைப் பொறுப்பது, எதைப் பொறுக்காதிருப்பது என்பதைத் தகராறு வருவதற்கு முன்பே குழு கூடி முடிவு செய்து, ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வாசித்துவிட வேண்டும். மிரட்டலோ கைகலப்போ நேர்ந்தால் அவசர உதவி எண்ணான 112ஐ அழைப்பது எந்த மரபையும் மீறுவதாகாது. பெண்களுக்கு 181 என்னும் உதவி எண் உண்டு. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். கூட்டத்தில் சொன்னது என்பதால் அதற்கு விலக்குக் கிடையாது.

குடித்துவிட்டு வருபவரை நாங்கள் விரட்டுவதில்லை. இருவர் அவரை வெளியே அழைத்துச் சென்று தேநீர் வாங்கிக் கொடுத்து, வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள்.

ஏழு மணிக்கு நடந்துவந்த எங்கள் கூட்டம், வெளியூர்ப் பெண்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, இப்போது மாலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது. கூட்டம் முடிந்ததும், கடைசியாகப் போகிறவர் பேருந்து ஏறும்வரை இரண்டு பெண் உறுப்பினர்கள் நிறுத்தத்தில் உடன் நிற்கிறார்கள்.