சாகும் நிலையில் இருப்பவர் கேட்டால், நம்பிக்கை இல்லாதவர் சேர்ந்து பிரார்த்தனை செய்யலாமா?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது, அதனால் மற்றதை அடுத்த வீடியோவுக்கு வைத்துக்கொள்கிறேன். கேள்வி அனுப்பியவர் சொல்வது இதுதான். அவருடைய பாட்டிக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது, இனி சிகிச்சை வேண்டாம் என்று வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்கள், மருத்துவர் நாள் கணக்கில்தான் சொல்கிறார். இவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, அது பாட்டிக்கும் நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் பாட்டி இவர் கையைப் பிடித்துக்கொண்டு “என்கூட உட்கார்ந்து ஒரு தடவை பிரார்த்தனை பண்ணுடா” என்று கேட்டிருக்கிறார். இவர் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். “செய்தால் நான் இத்தனை நாள் பேசியதெல்லாம் பொய்யாகிவிடாதா? செய்யாவிட்டால் நான் மனுஷனா? நீங்களும் நம்பாதவர்தானே, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்கிறார்.

நானாக இருந்தால் செய்வேன். யோசிக்காமல் உட்கார்ந்து செய்வேன். ஏன் என்று சொல்கிறேன், அதற்கு ஒரு எல்லையும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதலில் பாட்டி என்ன கேட்டார் என்று பாருங்கள். “நீ நம்பு” என்று கேட்கவில்லை. நீங்கள் நம்பாதவர் என்று தெரிந்தேதான் கேட்கிறார். வீட்டில் நம்புகிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்களை விட்டுவிட்டு உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறார் என்றால் அந்த நேரத்தில் பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். இதைப் போய் கொள்கைக்கு வைத்த சோதனையாக எடுத்துக்கொண்டால், உங்களைப் பற்றியே யோசித்துக்கொண்டு அவரை விட்டுவிடுகிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்று, இதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். கடைசி நாட்களில் மனிதனுக்கு மூச்சு போதாது. வாயால் மூச்சு விட்டு விட்டு நாக்கு காய்ந்து போயிருக்கும், உதடு வெடித்திருக்கும், ஒரு வரியை ஆரம்பித்தால் பாதியில் மூச்சு நின்று, கண்ணை மூடி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். சின்ன வயதிலிருந்து தினமும் சொல்லிவந்த வரி, மனதில் அப்படியே இருக்கும், மற்ற ஞாபகமெல்லாம் கலைந்த பிறகும் அது இருக்கும், ஆனால் வாயால் கொண்டுவர முடியாது. அப்போது பக்கத்தில் இருப்பவர் அந்த மீதி வரியை எடுத்துச் சொன்னால், அவருக்கு அது முடிந்த மாதிரி இருக்கும். சேர்ந்து பிரார்த்தனை செய் என்று கேட்பதில் பாதி இதுதான். இரவல் குரல் கேட்கிறார்கள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைத்துவிட நீங்கள் கொள்கை பார்ப்பீர்களா? மாட்டீர்கள். இதையும் அதோடு சேருங்கள்.

சரி, பொய் ஆகாதா என்ற கேள்விக்கு வருவோம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்பாதவர்களில் பலருக்கு இந்த நேர்மை முக்கியம், எனக்கும் முக்கியம். ஆனால் கண் தெரியாத ஒருவருக்கு வந்த கடிதத்தை வாசித்துக் காட்டுகிறவரிடம் “இதை நீதான் எழுதினாயா” என்று யாரும் கேட்பதில்லை. பாட்டியின் வரிகளைப் பாட்டிக்காகச் சொல்கிறீர்கள், நீங்கள் யார் என்று அவருக்குத் தெரியும், யாரையும் ஏமாற்றவில்லை. எங்கே பொய்யாகும் என்றால், அவர் உங்கள் முகத்தைப் பார்த்து “இப்போது உனக்கு நம்பிக்கை வந்துவிட்டதா?” என்று நேராகக் கேட்கும்போது “வந்துவிட்டது” என்று சொன்னால் பொய். அதைச் சொல்லாதீர்கள். “உங்களுக்காகத்தான் பாட்டி உட்கார்ந்தேன், மனசார உட்கார்ந்தேன்” என்று சொல்லுங்கள், அது உண்மை. நான் சொன்ன எல்லை இதுதான்.

எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் வாழ்க்கையில் இப்படி ஒன்று நடந்தது. 1903-இல் அவர் பாரிஸில் இருந்தபோது அம்மா சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்து ஊருக்குத் திரும்புகிறார். அம்மா பக்தியான கத்தோலிக்கர், மகன் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்டு, தேவாலயத்தில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், இவர் மறுத்துவிட்டார். ஆகஸ்டில் அம்மாவின் கடைசி நேரம், நினைவில்லாமல் கிடக்கிறார், குடும்பமே மண்டியிட்டு ஜெபிக்கிறது, மாமா இவரையும் தம்பியையும் பார்த்து “மண்டியிடுங்கள்” என்று அதட்டுகிறார், இரண்டு பேரும் மண்டியிடவில்லை. பின்னால் அவர் எழுதிய நாவலில் இப்படியொரு மகனை வைத்தார், அம்மாவின் கடைசி ஆசையை மறுத்த குற்ற உணர்ச்சி அவனை விடவே இல்லை.

இதில் ஜாய்ஸ் செய்தது முழுக்கத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அம்மா கேட்டது, மகன் தன் நம்பிக்கையையே மாற்றிக்கொண்ட மாதிரி ஒரு சடங்கில் கலந்துகொள்ள வேண்டும் என்று. அது உங்கள் பாட்டி கேட்பதைவிடப் பெரிய கோரிக்கை, அதை மறுக்க அவருக்கு உரிமை இருந்தது. கடைசியில் மண்டியிடச் சொன்னதோ அம்மா இல்லை, மாமா. சாகிறவர் கேட்பது வேறு, அவர் பெயரைச் சொல்லிச் சுற்றி நிற்பவர்கள் கேட்பது வேறு. சுற்றி நிற்பவர்கள் உங்களை வழிக்குக் கொண்டுவர இதை ஒரு சந்தர்ப்பமாக எடுத்தால், அதற்கு நீங்கள் தலையாட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, அமைதியாக அங்கேயே நின்றால் போதும். உங்களிடம் கேட்டது பாட்டி. அதனால்தான் என் பதில் இவ்வளவு நேராக வருகிறது.

இன்னொரு நண்பர் முன்பு ஒரு தடவை கேட்டார், “பிரார்த்தனையால் குணமாகும் என்ற மூடநம்பிக்கைக்கு நாமே துணை போகிற மாதிரி ஆகாதா?” என்று. பிரார்த்தனை நோயைக் குணப்படுத்துமா என்றால், பரிசோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு, 2006-இல் முடிவு வந்தது. முன்பின் தெரியாதவர்கள் இவர்களுக்காகப் பிரார்த்தித்தார்கள். பிரார்த்தனை உண்டா இல்லையா என்று தெரியாமல் இருந்தவர்களில், பிரார்த்திக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் பிரார்த்திக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது, அதாவது வித்தியாசம் இல்லை. உனக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம், கொஞ்சம் அதிகமே. இதை யார் கேட்டாலும் நான் சொல்வேன். ஆனால் உங்கள் பாட்டி சிகிச்சை வேண்டாம் என்று வீட்டுக்கு வந்தவர். அவர் குணமாகக் கேட்கவில்லை. அவர் படுக்கைப் பக்கத்தில் இந்தப் புள்ளிவிவரத்துக்கு வேலையே இல்லை.

நோய் தணிப்புச் சிகிச்சை என்று இன்று நாம் சொல்வதற்கு வழி போட்டவர் சிசிலி சாண்டர்ஸ், 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை, அதாவது சாகும் நிலையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தை, தொடங்கியவர். சாகிறவருடைய வலி உடம்பில் மட்டும் இருப்பதில்லை, மனதில், உறவுகளில், ‘என் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்’ என்ற கேள்வியில் எல்லாம் இருக்கிறது, எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்று அவர் சொன்னார். அவர் கிறிஸ்தவர், ஆனால் இதை ஒப்புக்கொள்ளக் கடவுளை நம்ப வேண்டியதில்லை. மார்ஃபின் மாதிரி வலி மருந்து தொடாத இடம் ஒன்று இருக்கிறது, அங்கே மனிதர்கள்தான் போக முடியும்.

இதையே திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். சாகிறவர் நம்பிக்கை இல்லாதவர், சுற்றி இருப்பவர்கள் பக்தர்கள் என்றால், அவர் கேட்காமல் அவர் தலைமாட்டில் நின்று பிரார்த்தனை செய்யக் கூடாது. நாம் பாட்டியின் விருப்பத்தை மதிக்கிற அதே நியாயம் இங்கேயும் செல்லும். செத்த பிறகு கதை கட்டுவதும் கூடாது. டார்வின் 1882-இல் இறந்தார், கடைசிக் காலத்தில் அவர் மனம் மாறிப் பைபிள் படித்தார் என்று 1915-இல் ஒரு அம்மையாரின் கதை பத்திரிகையில் வந்தது. டார்வினின் மகள் ஹென்ரியட்டா, அப்பாவின் கடைசி நேரத்தில் தான் பக்கத்தில் இருந்ததாகவும் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றும் 1922-இல் எழுதி மறுத்தார். இன்னமும் அந்தக் கதை சுற்றிக்கொண்டிருக்கிறது.

அப்புறம், எப்படிச் செய்வது என்று. பாட்டியிடமே கேளுங்கள், “எதைச் சொல்லட்டும்?” என்று. அவருக்குப் பழக்கமானதைத்தான் சொல்ல வேண்டும், நீங்களாக எதையும் இட்டுக்கட்ட வேண்டாம், “எல்லாம் சரியாகிவிடும், எழுந்து நடப்பீர்கள்” என்று நடுவில் சேர்க்கவே வேண்டாம், அது இருவருக்கும் பொய் என்று தெரியும். வரிகள் தெரியாவிட்டால் போனில் எடுத்து வைத்து வாசியுங்கள், தப்பில்லை. மெதுவாக, காதுக்குப் பக்கத்தில். அவர் மூச்சு வாங்க நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள், அவர் வேகத்தில் போங்கள். களைத்துவிட்டால் அங்கேயே விட்டுவிடலாம், முடித்தே ஆக வேண்டும் என்று இல்லை.

பேச்சு நின்று, கண் திறக்காமல் போன பிறகும் சொல்லலாமா என்றால், சொல்லலாம். 2020-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு ஹாஸ்பிஸில், சாவதற்குச் சில மணி நேரம் முன்பு எந்த அசைவும் இல்லாமல் கிடந்தவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள், சிலருடைய மூளை ஒலி மாற்றங்களுக்கு அப்போதும் பதில் கொடுத்தது. அர்த்தம் புரிந்ததா என்பதை அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. பழகிய குரல் காதில் விழ வாய்ப்பு இருக்கிறது என்ற அளவுக்குச் சொல்லலாம், எனக்கு அது போதும்.

உண்மையிலேயே உங்களால் முடியாது, வாய் வரவில்லை, சின்ன வயதில் மதத்தின் பெயரால் அடிபட்ட காயம் இருக்கிறது என்றால், அப்படிப் பலர் இருக்கிறார்கள், உங்களைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. அப்போதும் எழுந்து மட்டும் போகாதீர்கள். “நீங்கள் சொல்லுங்கள் பாட்டி, நான் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்” என்று உட்காருங்கள், அல்லது சொல்லக்கூடிய ஒருவரைக் கூட்டி வந்துவிட்டு நீங்களும் கூடவே இருங்கள்.

கடைசியாக இவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். செய்துவிட்டால் “பார்த்தாயா, பையன் வழிக்கு வந்துவிட்டான்” என்று உறவினர்கள் பேசுவார்களே என்று. பேசுவார்கள்தான். பேசும்போது “பாட்டி கேட்டார், செய்தேன், என் கருத்து மாறவில்லை” என்று ஒரு வரி சொல்லுங்கள், அந்த வாதத்தை வைத்துக்கொள்ள உங்களுக்கு வருஷக்கணக்கில் நேரம் இருக்கிறது, பாட்டிக்கு இல்லை. இந்த வீடியோ வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று, நான் இப்போது சொன்னதன் சுருக்கத்தைக் கேள்வி வந்த அன்றைக்கே அவருக்கு எழுதி அனுப்பிவிட்டேன்.